பஸ்ஸும் செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்

எனக்கு இருபத்துச் சொச்சம் வயதாகும்வரை, பிரச்சனை என்பது எழுதி மேலே அனுப்பவேண்டிய ஒரு சரக்கு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் கூரை ஒழுகினால், 'கூரை ஒழுகுகிறது, தங்கள் மேலான கவனத்திற்கு' என்று ஒரு தாளில் எழுதி முதலாளியின் மேசையில் வைப்பேன். அதோடு என் கடமை முடிந்தது. அதற்குப் பிறகும் என் தலையில் தண்ணீர் சொட்டினால் அது மேலிடத்தின் தண்ணீர். நாற்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்வேன். நாற்காலியை நகர்த்தியதும் ஒரு தீர்வுதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் அதையும் எழுதி அனுப்பியிருப்பேன்.

ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர் ஒன்றில் சின்ன பஸ் கம்பெனி அது. நான் பட்டம் வாங்கியவன். நூலகத்தில் இருந்த தத்துவப் புத்தகங்களில் கரையான் விட்டுவைத்த பக்கங்களை எல்லாம் படித்தவன். ஆகவே எந்த வேலைக்கும் லாயக்கில்லாமல் இருந்தேன். அந்தத் தகுதிக்கு ரைட்டர் வேலை கொடுத்தார்கள். டிரைவரும் கண்டக்டரும் என்னை 'ரைட்டரே' என்று கூப்பிடுவார்கள். பிற்பாடு நான் எழுத ஆரம்பித்து இத்தனை வருஷம் ஆகிறது; அவ்வளவு மரியாதையாக இன்னும் ஒருத்தரும் கூப்பிடவில்லை.

எழுபதுகளின் கடைசி. மலைமேல் ரோடு போட்டு முடித்திருந்தார்கள். முடித்திருந்தார்கள் என்றால், ஜல்லி எங்கே கொட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் ரோடு எந்தப் பக்கம் போகிறது என்று ஊகிக்கலாம். ஜீப் மட்டும் போய்க்கொண்டிருந்தது. முதலாளிக்கு அந்த வழித்தடத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. பர்மிட் கிடைக்கவேண்டுமானால் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்து வரவேண்டும். பாரம் ஏற்றிய வண்டி மேலே போய், அங்கே திரும்பி, கீழே இறங்குகிறது என்று தன் கைப்பட எழுதித் தரவேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நீ கூடப் போ. இன்னா வந்தாலும் அங்கியே பாத்து முடி. திரும்பி வந்து எனக்கு லெட்டர் கிட்டர் எழுதின, அவ்ளோதான். பர்மிட்டு தாளோட வா. இல்லன்னா மேலயே சாமை வெதச்சிப் பொழச்சிக்க."

சாமை எந்த மாதத்தில் விதைப்பார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

காலையில் கிளம்பினோம். வண்டி ஓட்டியவர் கம்பெனியின் மூத்த டிரைவர். பஸ்ஸை அவர் ஓட்டுவதாகத் தெரியாது, பேசிச் சம்மதிக்கவைப்பார். "ஏறு கண்ணு, இந்த ஒரு வளைவுதான்" என்று ஒவ்வொரு வளைவிலும் பொய் சொன்னார். கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாது. பாதி திரும்பி, பின்னால் வந்து, மறுபடி திரும்பவேண்டும். பின்னால் வரும்போது கண்டக்டர் கீழே இறங்கிப் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, "வா, வா, வா, எடம் கீது வா" என்று உற்சாகமாகக் கூப்பிடுவார். எவ்வளவு இடம் என்று சொல்லமாட்டார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் முன் சீட்டில் இருந்தார். கஞ்சி போட்ட காக்கி, பளபளக்கும் ஷூ, கனத்த உடம்பு. முதல் வளைவில் கண்ணை மூடியவர் கடைசி வரைக்கும் திறக்கவில்லை. வழித்தடத்தைக் கண்ணால் பரிசோதித்துச் சான்று தரவேண்டியவர் அவர்.

"ரைட்டர், பள்ளம் எந்தப் பக்கம்?" என்று மட்டும் அவ்வப்போது கேட்டார்.

"இடது பக்கம் சார்."

வலது பக்கம் நகர்வார். அடுத்த வளைவில் பள்ளம் வலது பக்கம் வந்துவிடும். மறுபடி நகர்வார். மேலே போய்ச் சேர்ந்தபோது சீட்டுத் துணி தேய்ந்து பளபளவென்று இருந்தது.

மேலே ஊரே திரண்டிருந்தது. மேளம் அடித்தார்கள். பஸ்ஸின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் பூசி, சாமந்தி மாலை போட்டு, முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். எங்களையும் வரவேற்றார்கள், ஆனால் மாப்பிள்ளை பஸ்தான், நாங்கள் கூட வந்தவர்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

பலாப்பழங்கள் குவியலாகக் காத்திருந்தன. புளி மூட்டைகள் வேறு. அந்தக் குவியலுக்கு அதிகாரியாக நின்ற அம்மாள், ஊர்க் கவுண்டரின் அக்கா. ஊர்க் கவுண்டர் என்றால் அந்த ஊரில் நல்லது கெட்டதைத் தீர்த்துச் சொல்கிறவர். அவரையும் தீர்த்துச் சொல்கிறவர் இந்த அக்கா.

"தலையில வச்சினு கீழ எறங்கறதுக்குள்ள பழம் பழுத்து வெடிச்சிடுதுங்க. அந்த வாசனைக்குக் கரடி பின்னாலயே வருது. ஒரு தடவ சந்தை வரைக்கும் வந்துடுச்சி" என்று என்னிடம் சொன்னாள். சந்தைக்கு வந்த கரடி என்ன விலைக்குக் கேட்டது என்று கண்டக்டர் விசாரித்தார்.

பாரத்தோடு திரும்பவேண்டும் என்பது விதி. ஆகவே பழத்தையும் மூட்டையையும் கூரைமேல் ஏற்றிக் கட்டினோம். இனித் திரும்புவதுதான் பாக்கி. ரோடு அங்கே முடிகிறது. ஒரு பக்கம் கேழ்வரகுக் கொல்லை சரிவாக இறங்குகிறது, மறுபக்கம் பாறை. ஜீப் எப்படியோ முன்னும் பின்னும் போய்த் திரும்பிக்கொள்ளும். பஸ் திரும்ப ஒரே ஒரு இடம்தான் இருந்தது: வேடியப்பன் கோயிலுக்கு முன்னால் விரிந்து கிடந்த மைதானம். சாணி போட்டு மெழுகினதுபோல் சுத்தமான இடம். அதைத்தான் விண்ணப்பத்தில் படம் வரைந்து, 'திரும்புவதற்கு இடம்: தாராளம்' என்று எழுதியிருந்தேன். தாராளமாகத்தான் இருந்தது.

மைதானத்தின் எல்லையில் ஒரு கல். அந்தக் கல்லுக்கு உள்ளே யாரும் செருப்போடு போகமாட்டார்கள். ஊர்க் கவுண்டர் பணிவாகச் சொன்னார்: "செருப்ப இங்கியே வுட்டுட்டு வாங்க."

நான் கழற்றினேன். கண்டக்டர் கழற்றினார். இன்ஸ்பெக்டர் பாறையில் உட்கார்ந்து, மூச்சு வாங்க ஷூவின் கயிறுகளை அவிழ்த்தார். டிரைவர் வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஊர்க் கவுண்டர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பஸ்ஸு?"

"பஸ்ஸுக்கு இன்னா?" என்றார் டிரைவர்.

"அதுவும் அவுக்கணும்ல?"

எல்லோரும் சிரித்தோம். ஊர்க் கவுண்டர் சிரிக்கவில்லை. கல்லுக்கு வெளியே கழற்றி வைத்திருந்த தன் செருப்பில் ஒன்றை எடுத்துவந்தார். டயர் செருப்பு. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். மலைக்கல்லுக்கு அதுதான் தாங்கும். அதைத் திருப்பி, பஸ்ஸின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே பூ, ஒரே கோடு, ஒரே பள்ளம்.

டிரைவர் இறங்கி வந்து செருப்பை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது நம்ம பழைய வண்டி பின் டயரு ரைட்டரே. கல்லு குத்தி நான் ஒட்டு போட்ட எடம் இதோ கீது."

எங்கள் கம்பெனி தேய்ந்த டயர்களை அடிவாரத்தில் செருப்பு தைப்பவரிடம் போட்டுவிடும். அது மலையேறி, ஊர்க் கவுண்டரின் காலில் சேர்ந்திருந்தது. காணாமல் போன உறவினரைப் பார்த்ததுபோல் டிரைவர் அதைத் தடவிக்கொடுத்தார்.

"நீங்களே சொல்லுங்க. எங்கால்ல இருந்தா இது செருப்பு. உங்க வண்டி கால்ல இருந்தா இன்னா, கொலுசா?" என்றார் ஊர்க் கவுண்டர்.

நான் தத்துவம் படித்தவன் அல்லவா, முன்னால் வந்தேன். பொருளின் தன்மை வேறு, பயன்பாடு வேறு என்று தொடங்கி ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தேன். அவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க. அவுத்துடுங்க" என்றார்.

"சைக்கிள் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று மடக்கினேன்.

"தூக்கினுதான் போவோம்."

இப்படிச் சொல்லியிருக்கவேண்டாம். ஏனென்றால் கேட்டுக்கொண்டிருந்த வாலிபர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி நின்றுவிட்டார்கள். "ஏலேலோ" என்று ஒரு குரல். பஸ்ஸின் உடம்பு மட்டும் ஸ்பிரிங்கின் மேல் இரண்டு விரல் உயர்ந்தது. கால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கூரையிலிருந்து ஒரு பலாப்பழம் உருண்டு விழுந்து வெடித்தது. கரடி வருமோ என்று பயந்து பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர், "பள்ளம் எந்தப் பக்கம்?" என்று அலறினார்.

"எறக்குங்கடா, எம்பழம்!" என்றாள் அக்கா.

பின்னாலேயே கீழே வரை போய்விடலாமா என்று டிரைவரைக் கேட்டேன். "அத்தினி வளைவும் பின்னாலயா? நான் போறேன். நீ கண்டக்டர் மாரி பள்ளத்து ஓரம் நின்னு கூப்புடு" என்றார். டயரைக் கழற்றிவிட்டு வெறும் இரும்புச் சக்கரத்தில் ஓட்டலாமா என்றேன். அவர் பஸ்ஸின் காதில் விழுந்திருக்குமோ என்பதுபோல் திரும்பிப் பார்த்தார்.

ஊர்க் கவுண்டருக்கும் எங்களைத் திருப்பி அனுப்ப ஆசையில்லை. "இருங்க, சாமிகிட்டயே கேட்டுட்டு வர்றேன்" என்று கோயிலுக்குள் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். "கேட்டேங்க. நீயே பாத்துக்கன்னு சொல்லிடுச்சி."

வேடியப்பனும் என் முதலாளியும் ஒரே நிர்வாகமுறையைக் கையாண்டார்கள்.

என் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்த விண்ணப்பம் வைத்த கோப்பு. எழுதி மேலே அனுப்பலாம் என்றால், கடிதம் கீழே போகவே பஸ் வேண்டும். பஸ் திரும்பவில்லை என்ற செய்தியைக் கொண்டுபோக, பஸ் திரும்பவேண்டும். மேலிடத்துக்கு எழுத முடியாத அளவுக்கு உயரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

இதற்குள் இன்ஸ்பெக்டர் இறங்கி வந்துவிட்டார். பஸ் நகரவில்லை என்று தெரிந்ததும் அவருக்குத் தைரியம் திரும்பிவிட்டது. "இதான் உன் தாராளமா? வண்டி திரும்பலேன்னு எழுதிட்டுப் போறேன். படிச்சவன்தானே நீ? இப்படியா ஒரு ரூட்டக் கேப்பீங்க?" என்று என்னை ஊருக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாழ்நாளின் ஒரே கண்டுபிடிப்பு நான் தலைகுனிந்து நின்றபோது நிகழ்ந்தது.

எனக்கு எதிரே இன்ஸ்பெக்டரின் பாதங்கள். அவர் ஷூவைத்தான் கழற்றியிருந்தார். சாக்ஸைக் கழற்றவில்லை. சாக்ஸோடு எல்லைக்கல்லைத் தாண்டி, மைதானத்துக்குள் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். வலது சாக்ஸின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் வெளியே வந்து, என்னை வேடிக்கை பார்த்தது.

"சார், உங்கள் சாக்ஸ்..." என்றேன்.

"ஓட்டையா இருந்தா உனக்கென்ன?" என்று கத்தினார்.

நான் ஊர்க் கவுண்டரிடம் திரும்பினேன். "இது பரவாயில்லையா?"

அவர் குனிந்து பார்த்தார். ஊரே குனிந்து பார்த்தது. இன்ஸ்பெக்டர் கட்டைவிரலை உள்ளே இழுக்கப் பார்த்தார்; முடியவில்லை.

"துணிதானே, குத்தமில்ல. வெரலு வேற மண்ணத் தொட்டுனு கீது, நல்லதுதான்."

"அப்போ செருப்புக்கு மேலே துணி சுற்றினால்?"

ஊர்க் கவுண்டர் யோசித்தார். அந்த ஊரில் இதுவரை யாரும் செருப்புக்கு மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்ததில்லை, முன்னுதாரணம் கிடையாது. கடைசியில் அக்காதான் பொறுமை இழந்தாள்.

"ஏன்டா, செருப்பு சாமி மண்ணுல படக்கூடாது. அவ்ளோதானே? படலன்னா இன்னா உனக்கு? கரடிக்குப் படி அளக்கறதுக்கா நான் மரம் வளக்கறேன்?"

தீர்ப்பு வந்துவிட்டது. அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன், வீட்டில் கவலைப்படுகிறார்கள். புளி மூட்டைகளைக் கூரையிலிருந்து இறக்கி அவிழ்த்து, புளியைப் பாயில் கொட்டி, கோணிப்பைகளைக் கொண்டுவந்தார்கள். சக்கரத்துக்கு ஒன்றரைக் கோணியாகச் சுற்றி, நார்க்கயிற்றால் கட்டினார்கள். கட்டு பற்றி ஆளுக்கொரு கருத்து. காலுக்குக் கட்டு போடுவதில் தேர்ந்தவர் என்று ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் பஸ்ஸின் முழங்கால் எங்கே என்று கேட்டார். கடைசியில் எங்கள் பஸ், நெற்றியில் குங்குமமும் கழுத்தில் மாலையும் நான்கு காலிலும் கட்டுமாக, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கல்யாணத்துக்கு வந்ததுபோல் நின்றது.

டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு முதல் கியர் போட்டார். பஸ் சத்தமே இல்லாமல், பூனை மாதிரி மைதானத்துக்குள் நுழைந்தது. மேளம் முழங்கியது. கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். நான் கோப்பைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ஓடினேன். எதற்கு என்று தெரியாது.

நட்ட நடு மைதானத்தில், வண்டி குறுக்காக நிற்கும்போது, முன்பக்கத்துச் சக்கரம் ஒன்றின் கட்டு அவிழ்ந்தது.

"நிறுத்து!" என்று ஊரே கத்தியது.

கோணியின் கடைசி முனையில் டயர் நின்றது. இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் மண். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. சாமிக்கு நேர் எதிரே, குறுக்காக, பலாப்பழ பாரத்தோடு ஒரு பஸ். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

மலையில் எழுதி அனுப்ப இடமில்லை என்று சொன்னேன் அல்லவா? யோசிக்கவும் இடமில்லை. என் கையில் கோப்பு இருந்தது. அதைப் பிரித்து, டயருக்கு முன்னால் போட்டேன்.

"ஏறுங்கண்ணே!" என்று கத்தினேன்.

டயர் கோப்பின் மேல் ஏறியது. அது முடிவதற்குள் கண்டக்டர் தன் துண்டைப் போட்டார். அதற்கப்புறம் அக்கா ஒரு கம்பளி. அடுத்து ஒரு பாய், ஒரு வேட்டி, யாரோ உலர்த்தியிருந்த ஒரு ஜமுக்காளம். வண்டி நகர நகர, பின்னால் கிடப்பதைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். ஆண்களும் பெண்களும் மோதிக்கொண்டு விழுந்தார்கள். ஊர்க் கவுண்டரே தலைப்பாகையை அவிழ்த்து விரித்தார். டிரைவர் உள்ளே இருந்து, "இன்னும் கொஞ்சம் கண்ணு, இன்னும் ஒரே ஒரு வேட்டி" என்று பஸ்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வண்டி முழுவட்டம் அடித்து எல்லைக்கல்லைத் தாண்டியபோது எழுந்த சத்தத்தில் மேளக்காரருக்கே தாளம் தவறியது. நான் ஊர்க் கவுண்டரைக் கட்டிப்பிடித்திருந்தேன். எப்போது பிடித்தேன் என்று இருவருக்கும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னைக்கித் திரும்பிடுச்சி. நாளைக்கு? பர்மிட்டு தெனத்துக்கும் சேத்துதானே. தெனம் வேட்டி அவுப்பீங்களா?"

என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நான் சாமை விதைக்கும் மாதத்தை மறுபடி யோசிக்கத் தொடங்கினேன். பிறகு தரையில் கிடந்த கோணிகளைப் பார்த்தேன்.

"சுற்றினால்தான் சார் அவிழ்கிறது. விரித்துவிட்டால்?" என்றேன். "வண்டி வருவதற்கு முன்பே, வட்டமாக, கோணி விரித்துவிட்டால்?"

"யாரு விரிப்பாங்க?"

"முறை போட்டுப்போம்" என்றாள் அக்கா. கோயிலுக்கு விளக்கேற்ற, பாதை வெட்ட, எல்லாவற்றுக்கும் அங்கே வீட்டுக்கு ஒரு முறை உண்டு. "இன்னைக்கி இந்த வூடு, நாளைக்கி அந்த வூடு. பஸ்ஸு வர்ற சத்தம் கேட்டா கோணிய எடுத்துனு வர வேண்டியதுதானே? இதுக்கு ஒரு ஆபீசரு."

"சத்தம் கேக்கலன்னா?" இன்ஸ்பெக்டர் விடவில்லை.

கண்டக்டர் விசிலை எடுத்தார். "ஒரு விசிலு, நில்லு. ரெண்டு, ரைட். மூணு ஊதினா," என்று மூன்று முறை ஊதிக் காட்டி, "கோணி!"

இன்ஸ்பெக்டரின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார். பிறகு அந்தக் கனத்த உடம்பு மொத்தமும் குலுங்க, பாறையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, சாக்ஸ் காலை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அக்கா அவர் கையில் வெடித்த பலாவிலிருந்து ஒரு சுளையைத் திணித்தாள். "தாள் கொண்டா" என்றார்.

தாள் டயருக்கு அடியில் போய் வந்திருந்தது. உதறிக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் எழுதினார்: 'பாரம் ஏற்றிய வாகனம் மலைமேல் தடையின்றித் திரும்புகிறது.' கொஞ்சம் யோசித்துவிட்டு, 'கோணி அவசியம்' என்று சேர்த்துக் கையெழுத்திட்டார். இறங்கும்போது கண்ணைத் திறந்துகொண்டே வந்தார். ஒரே ஒரு வளைவில் மட்டும் மூடிக்கொண்டார்.

பின் சக்கரங்களின் கட்டுகளை அவிழ்க்க மறந்துவிட்டோம். கம்பெனி வாசலில் நின்றிருந்த முதலாளி, மாலையும் குங்குமமும் கால்கட்டுமாக வந்த தன் பஸ்ஸைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"இன்னாய்யா, அடிபட்டுச்சா?"

"இல்லீங்க. சாமி கும்பிட்டுட்டு வருது" என்றேன்.

தாளை நீட்டினேன். படித்தார். திருப்பினார். 'இடம்: தாராளம்' என்ற வார்த்தைகளின் குறுக்கே டயரின் பூ அழகாகப் பதிந்திருந்தது.

"இதுமேல ஏன் டயர் ஏறியிருக்குது?"

"விளக்கமாக எழுதித் தரட்டுங்களா?"

"வேணாம் சாமி. வாயில சொல்லு" என்று சொல்லி ஆபீசுக்குள் கூட்டிப்போய், ஒழுகாத பக்கமாக எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.